எட்வேட் மன்னர் காலத்து ஆங்கில விடுதியாளர்

மேல்வகுப்பு மாணாக்கருக்கு மொழிபெயர்ப்புப் பாடம் நடத்துங்கால், ஆங்கிலக் கதைப் பகுதிகளை எடுத்துத் தமிழாக்கச் செய்தல் நமது வழக்கம். அப்பகுதிகளில் அடிக்கடி வந்து போகும் மாந்தருள் ஒருவர், ஊர்ப்புறத்து வழிப்போக்கர் விடுதியை நடத்துபவர். பருத்த உடலும் சிவந்த முகமும் வாய்நிறைந்த சிரிப்புமாக வாயிலில் நின்று வருவோரை வரவேற்பவர். இவரைக் குறிக்க நாம் பல்லாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவந்த சொல் 'சத்திரக்காரர்' என்பது. ஒரு தவணையிற் பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "சத்திரத்திலே தங்குவோரிடம் காசு வாங்குவதுண்டோ, சேர்?" என்று வினவினார். வாங்குவதில்லை என்றோம். "அப்படியானால், இவர் ஏன் கதை முடிவிலே கடன்பட்டு, வீட்டை விட்டுப் போகிறார்?" என்றார். வகுப்புச் சிரித்தது. நமக்கு விடை தெரியவில்லை.

அந்த வினாவுக்கு விடை தேடிப் படித்தவற்றுட் சிலவற்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம். நாம் முன்னர் கற்பித்த பழைய மாணவர் பலர் இதனைப் படிப்பர். அவர்களுக்குப் பிழையாகச் சொல்லிக்கொடுத்த ஒரு சொல்லைத் திருத்தும் கடப்பாடும் நமக்குண்டு.

முதலிற் சொல்லை நோக்குவோம். சத்திரமும் மடமும் அறத்தின்பாற் பட்டவை. ஒருவர் புண்ணியங் கருதிக் கட்டி வைப்பார். வழிநடப்போர் தங்கிச் செல்வர். கொடுக்கல் வாங்கல் இல்லை. தவறணை என்பது ஐரோப்பியர் வழியாக நமக்கு வந்த சொல். அங்கே குடிக்கலாம், படுக்க இடமில்லை. ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கி ஆங்கிலேயர் காலத்தில் வீதிகள்தோறும் பெருகிய வாடிவீடு ஓரளவு நெருங்கி வரும். ஆயின் அஃது அரசினரின் ஏற்பாடு. ஆங்கில நாட்டு விடுதியோ படுக்கை, உணவு, மது, குதிரைக்குக் கொட்டில், சந்தை வணிகருக்குக் கூடம், ஊராருக்குச் சபாமண்டபம் ஆகிய அனைத்தும் ஒரு கூரையின்கீழ் அமைந்த இடம். இவற்றையெல்லாம் ஒரு குடும்பம் தன் பிழைப்பாக நடத்திற்று. அதனால் 'விடுதியாளர்' என்னும் சொல்லையே ஈண்டு வழங்குவோம். அதுவும் முற்றப் பொருந்தும் என்று சொல்லமாட்டோம்.

காலம், ஏழாம் எட்வேட் மன்னர் ஆண்ட 1901 முதல் 1910 வரையுள்ள ஆண்டுகள். வரலாற்றாசிரியர் பலர் முதலாம் உலகப்போர் தொடங்கிய 1914 வரை அதனை நீட்டிக்கொள்வர். நாமும் அங்ஙனமே கொள்வோம். இடம், இலண்டன் அன்று. வாரத்தில் ஒருநாட் சந்தை கூடும் சிறு பட்டினம்.

அத்தகைய பட்டினத்துப் பழைய விடுதியை முன்புறத்திலிருந்து பார்த்தாலே அதன் வரலாறு தெரியும். நடுவில் உயர்ந்த வளைவு வாயில் ஒன்றிருக்கும். நான்கு குதிரை பூட்டிய அஞ்சல் வண்டி, கூரைமேல் ஆட்களும் மூட்டைகளுமாக உள்ளே நுழைவதற்காக அமைத்தது அது. உள்ளே முற்றம், முற்றத்தைச் சூழக் குதிரைக் கொட்டில்கள். 1830க்குப் பின் புகையிரதப் பாதைகள் நாடெங்கும் விரிந்தன. வண்டிகள் நின்றன, கொட்டில்கள் வெறுமையாயின. நெடுங்காலம் புழுதி படிந்து கிடந்த அந்த முற்றத்துக்கு 1890ஆம் ஆண்டை அடுத்துத் துவிச்சக்கர வண்டி ஏறியவர்கள் மீண்டும் உயிர் கொடுத்தனர். அவர்களைத் தொடர்ந்து மோட்டார் வண்டிகள் வந்தன. 1903ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் மணிக்கு 20 மைல் வேகத்தை எல்லையாக விதித்தது. குதிரைக்காரன் நின்ற இடத்திற் பெற்றோல் தகரங்கள் வந்து சேர்ந்தன. எட்வேட் காலத்து விடுதியாளர் இவ்விரண்டு உலகங்களுக்கும் நடுவே நின்றவர். ஒருபுறம் புகையிரத நிலையத்துக்குக் குதிரை வண்டி அனுப்பிப் பிரயாணிகளை அழைத்து வருவார்; மறுபுறம், புழுதிக் கண்ணாடி அணிந்து வந்திறங்கும் கனவான் என்ன கேட்பாரோ என்று விழிப்பார்.

இனி அவரது நாளைப் பார்ப்போம். விடியுமுன் எழுபவர் முதலில் இறங்குவது நிலவறைக்கு. அக்காலத்துப் பியர், ஆலையிலிருந்து மரப்பீப்பாயில் வந்தபின்னும் உள்ளே நொதித்துக்கொண்டே இருப்பது. 9 கலன், 18 கலன், 36 கலன், 54 கலன் எனப் பீப்பாய்கள் அளவால் வேறுபடும். ஒவ்வோரளவுக்கும் தனிப்பெயர் உண்டு. பீப்பாயைக் கட்டையில் ஏற்றி அசையாது கிடத்தி, மேற்றுளையில் மென்மர முளையைச் செருகிக் காற்றுப் போக விட்டு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒருவகைப் பசையால் மண்டியைத் தாழச் செய்து, தெளிந்தபின்னரே குழாய் அடிக்க வேண்டும். ஒருநாள் முந்தினாற் கலங்கும். சில நாட் பிந்தினாற் புளிக்கும். கோடையில் ஓர் இடிமழை வந்தாற் போதும், நிலவறைக்காரர் நெஞ்சம் பதறும் என்பர். கெட்ட பியருக்கு ஊரார் ஆலையைக் குறை கூறார், விடுதியாளரையே கூறுவர்.

நிலவறையிலிருந்து மேலே வந்தால் வீடே ஒரு சமுதாயப் படிக்கட்டாக இருக்கும். உழவுத் தொழிலாளரும் வண்டிக்காரரும் மணல் தூவிய தரையும் மரவாங்குமுள்ள பொது அறையில் இருப்பர். ஒரு பைந்து சாதாரணப் பியர் இரண்டு பென்சு. கடைக்காரரும் எழுத்தரும் புகைபிடிக்கும் அறையில் அமர்வர். அதே பியர் அங்கே சற்று விலை கூடும். கனவான்களும் அவர்தம் மனைவியரும் உணவுக் கூடத்துக்கே செல்வர். கம்பனிகளுக்காக ஊரூராய்ச் சென்று சரக்குக்கு ஓடர் எடுக்கும் விற்பனை முகவருக்குத் தனியறை உண்டு. அந்த அறைக்குள் அயலார் நுழைதல் ஆகாது. பகலுணவு வேளையில் அவர்களுள் ஒருவர் தலைவராகவும் மற்றொருவர் துணைத்தலைவராகவும் மேசையின் இரு முனைகளிலும் அமர்ந்து, அவையை நடத்துவதுபோல் உணவை நடத்துவர். மாதந்தோறும் திரும்பி வரும் இவர்களே விடுதியின் நிலையான வருவாய். இவர்களுள் ஒருவர், படுக்கை ஈரம் என்று அடுத்த ஊரிற் சொல்லிவிட்டால் அச்செய்தி மறுவாரம் மாகாணம் முழுவதும் பரவிவிடும்.

சந்தை நாளில் உழவர்கள் கூடத்தில் ஒரே விலைக்குப் பொதுவுணவு உண்பர்; மாட்டு வியாபாரம் அங்கேயே முடியும். பிற நாட்களில் அதே கூடத்தில் பரஸ்பர உதவிச் சங்கத்தார் கூடி நோய்க்கும் சாவுக்குமான சந்தாப் பணத்தைச் செலுத்துவர். ஊரில் ஒருவர் நீரில் மூழ்கி இறந்தால், மரண விசாரணை நடப்பதும் பல காலமாக விடுதியிலேதான். 1902ஆம் ஆண்டின் சட்டமே, வேறு தக்க இடம் அமைந்துள்ள ஊர்களில் மதுவிற்கும் இடத்தில் அவ்விசாரணையை நடத்தலாகாது என்றது.

இரவிலோ, தங்கினோர் அறைக்கு வெளியே வைத்த சப்பாத்துக்களைப் பையன் ஒருவன் எடுத்து, அடியில் வெண்கட்டியால் அறையெண் எழுதி, துடைத்து, விடியுமுன் வாயிலிற் கொண்டுபோய் வைப்பான். எண் மாறினால் மறுநாட் காலையிற் பெரும் பூசல். இத்தனைக்கும் நடுவே படுக்கை விரிப்புத் தோய்ப்பதும், இறைச்சி வாட்டுவதும், பணிப்பெண்களை மேய்ப்பதும், பிந்திவந்தோர்க்குச் சுடுநீர் கொடுப்பதும் விடுதியாளர் மனைவியின் பங்கு. கதைகளில் வரும் அந்தச் சிரித்த முகம் கணவனுடையதாயினும், விடுதி நின்றது மனைவியின் முதுகிலேதான் என்பது நமது எண்ணம். கணவர் இறந்தபின் அனுமதிப்பத்திரத்தைத் தம்பெயருக்கு மாற்றி, தாமே நடத்திய கைம்பெண்கள் பலர் இருந்தமையும் இதற்குச் சான்று.

இதுவரை சொன்னது தொழில். இனிச் சொல்வது அத்தொழிலைச் சூழ்ந்த சட்டம். மாணவர் கேட்ட வினாவின் விடை இங்கேதான் உள்ளது.

ஆங்கிலப் பொதுச்சட்டப்படி ஏனைய வணிகருக்குள்ள ஓர் உரிமை விடுதியாளருக்கு இல்லை. துணிக்கடைக்காரர் தமக்குப் பிடிக்காதவருக்கு விற்க மறுக்கலாம், விடுதியாளர் மறுக்கலாகாது. ஒழுங்காக நடந்துகொண்டு, விலை கொடுக்க ஆயத்தமாக வரும் வழிப்போக்கர் எவரையும், இடமுள்ளவரை, ஏற்றே ஆகவேண்டும். மறுத்தால் குற்றவாளி. தங்கினோர் பொருள் தொலைந்தாற் பொதுவாக ஈடு செய்யவேண்டியவரும் அவரே. அப்பொறுப்பை 1863ஆம் ஆண்டின் சட்டம் பெரும்பாலான பொருள்களுக்கு 30 பவுண் என்று எல்லைப்படுத்திற்று. அதுவும், அச்சட்டப் பகுதியை மண்டபத்தில் எல்லாருங் காணத் தூக்கி வைத்தாற்றான் செல்லும். அதற்கு மாறாக அவர் பெற்ற பாதுகாப்பு, கட்டணம் செலுத்தாதவரின் பெட்டியைத் தடுத்து வைக்கும் உரிமை. 1878ஆம் ஆண்டின் சட்டம், ஆறு கிழமை கடந்தபின் விளம்பரஞ் செய்து அதனை ஏலத்தில் விற்கவும் இடங்கொடுத்தது.

ஏற்க மறுக்கலாகாது என்னும் இவ்விதி எத்துணைச் சிக்கலானது என்பதற்கு, எட்வேட் மன்னர் முடிசூடுவதற்குச் சற்று முன்னர் நடந்த ஒரு வழக்கை இங்கே சொல்லாது விட மனமில்லை. 1898ஆம் ஆண்டில் ஹாபேட்டன் பிரபுவின் மனைவியார், சரே மாகாணத்து ஒக்கம் என்னும் ஊரிலுள்ள ஹோட்போய் விடுதிக்குத் துவிச்சக்கர வண்டியிற் சென்று பகலுணவு கேட்டார். பெண்டிர் நீண்ட பாவாடையை விட்டு வசதியான உடை அணிதல் வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர் இவர். அன்று முழங்கால் அளவான தளர்ந்த காற்சட்டை அணிந்திருந்தார். விடுதியை நடத்திய ஸ்பிறேக் என்னும் அம்மையார், இவ்வுடையோடு உணவுக் கூடத்துக்குள் விடமுடியாது என்று கூறி, ஆடவர் அமர்ந்து குடிக்கும் மதுக்கூட அறையைக் காட்டினார். பிரபுவின் மனைவியார் மறுத்து வெளியேறினார். துவிச்சக்கர வண்டிப் பயணிகள் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1899ஆம் ஆண்டிற் கிங்ஸ்ரன் நகரில் விசாரணை நடந்தது. விடுதியாளர் உணவு தர மறுக்கவில்லை, அறையைத்தான் மாற்றிக் காட்டினார் என்பதனால் யூரிமார் அவரைக் குற்றமற்றவர் என விடுத்தனர்.

இவ்வழக்கைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பிரபுவின் மனைவியார் பக்கம் நின்றே எழுதுவர். பெண்ணுரிமை வரலாற்றில் அதற்கு இடமுண்டு, நாமும் மறுக்கவில்லை. ஆயின், எதிர்ப்பக்கத்தில் நின்றவரும் ஒரு பெண்ணே. அதிலும் உழைத்துண்ணும் பெண். உள்ளே விட்டால் ஏனைய வாடிக்கையாளர் முகஞ்சுளிப்பர் என்ற அச்சம் ஒருபுறம், விடாவிட்டாற் குற்றக்கூண்டு மறுபுறம். காற்சட்டையைப் பற்றி அவர் கொண்ட கருத்துப் பிழையே. எனினும் அவர் நின்ற இடம் இடுக்கமானது என்பதையும் ஒப்பவேண்டும்.

வருவோரை ஏற்கும் கடமை இத்துணைக் கடுமையாயிருக்க, கதவைத் திறந்து வைக்கும் உரிமையோ ஓராண்டுக்கு மட்டுமே உரியது. 1552ஆம் ஆண்டுச் சட்டந்தொட்டு மதுவிற்போர் நீதவான்களின் அனுமதி பெறவேண்டும் என்பது விதி. ஆண்டுக்கொரு முறை நீதவான்கள் கூடி ஒவ்வொரு வீட்டின் பத்திரத்தையும் புதுப்பிப்பர். பொலிசு அதிகாரி ஆண்டு முழுவதும் குறித்து வைத்ததை எழுந்து வாசிப்பார். இவ்விதம் புதுப்பித்தல் வெறுஞ் சடங்கு என்றே மக்கள் நெடுங்காலம் நம்பினர். அந்நம்பிக்கையைத் தகர்த்தது ஒரு மலைச்சிற்றூர்.

வெஸ்ற்மோர்லாந்து மாகாணத்தில் கென்ற்மியர் என்றோர் ஒதுங்கிய பள்ளத்தாக்கு உண்டு. அங்கிருந்த ஒரேயொரு சிறு விடுதிக்கு நீதவான்கள் பத்திரம் புதுப்பிக்க மறுத்தனர். நடத்தியவர் குற்றம் எதுவுஞ் செய்தார் என்பதன்று காரணம். பொலிசார் கண்காணிப்புக்கு அது மிகத் தொலைவு, ஊருக்கும் அது தேவையில்லை என்பனவே காரணங்கள். சார்ப் என்பவர் வேக்பீல்ட் என்பவருக்கு எதிராக நடத்திய அவ்வழக்கு, பிரபுக்கள் சபை வரை சென்றது. 1891ஆம் ஆண்டில் அச்சபை நீதவான்களின் முடிவே சரியெனத் தீர்த்தது. குற்றமில்லாமலும் பத்திரம் பறிபோகலாம் என்பது அன்று முதற் சட்டமாயிற்று. எங்கோ மலையடிவாரத்தில் ஆட்டிடையர் சிலர் குடித்துச் சென்ற ஒரு வீட்டின் கதவு மூடப்பட்டதனால், இங்கிலாந்து முழுவதும் ஓரிலட்சம் வீடுகளில் உறக்கம் கெட்டது.

அந்த அச்சம் பொய்யன்று. எட்வேட் ஆட்சியின் தொடக்கத்திற் பல ஊர்களில் நீதவான்கள் 'இவ்வூரில் மதுவீடுகள் மிகுதி' என்று கூறிப் பத்திரங்களைக் குறைக்கலாயினர். சரே மாகாணத்துப் பானம் என்னும் பட்டினத்தில் 1902இல் நடந்தது நாடறிந்த செய்தி. இதனால் எழுந்த கூக்குரலின் பயனாகப் பல்போர் பிரதமரின் அரசு 1904ஆம் ஆண்டிற் புதுச்சட்டம் இயற்றிற்று. அதன்படி, குற்றமில்லாத விடுதியை மூடினால் நட்டஈடு உண்டு. அப்பணம் அரசின் திறைசேரியிலிருந்து வருவதன்று. எஞ்சியிருக்கும் மதுவீடுகள் அனைத்தின்மீதும் வரி விதித்துச் சேர்ப்பது. அதாவது, அயலவர் கடை மூடப்பட்டதற்கு இவர் பணங் கட்டுவார். இவர் கடை மூடும்போது அயலவர் கட்டுவார். 1904இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் அமர்ந்து குடிக்கும் அனுமதியுள்ள இடங்கள் ஏறக்குறைய ஓரிலட்சம்; 1914இல் ஏறக்குறைய 88,000.

நட்டஈடு யாருக்குச் சென்றது என்னும் வினா இங்கே எழும். விடுதியாளர் பெரும்பாலும் வீட்டின் சொந்தக்காரரல்லர். 1880ஐ அடுத்த ஆண்டுகளிற் பியர் ஆலைகள் பங்குக் கம்பனிகளாக மாறிப் பெரும் மூலதனந் திரட்டி, விடுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக விலைக்கு வாங்கின. புதுப்பத்திரம் பெறுதல் அரிதாயிருந்தமையால், இருக்கும் பத்திரமே பெரும் விலைபெற்றது. எட்வேட் காலம் வந்தபோது பெரும்பான்மையான வீடுகள் ஏதோவோர் ஆலைக்குக் கட்டுப்பட்டவை. அங்கே குடியிருப்பவர் குறைந்த வாடகை கொடுப்பார். ஆயின் அந்த ஆலையின் பியரையே, அந்த ஆலை குறிக்கும் விலைக்கே, வாங்கவேண்டும். குறுகிய அறிவித்தலில் அவரை எழுப்பிவிடலாம். மூடப்பட்ட வீட்டின் நட்டஈட்டைப் பங்கிடும்போது பெரும்பங்கு சொந்தக்காரரான ஆலைக்கே சென்றது. குடியிருந்தவரின் பங்கைக் கணிக்கையில், அவர் எத்தனை ஆண்டு நடத்தினார், எவ்வாறு நடந்துகொண்டார் என்பவற்றையும் கருதவேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. இருபது ஆண்டு நிலவறைக் குளிரில் நின்று மூட்டுவாதம் பெற்றவர், ஒரு சிறு தொகையோடு வண்டியேறுவார். "கடன்பட்டு ஏன் போகிறார்?" என்று கேட்ட மாணவருக்கு இதுவே நம் விடை.

ஆலையின் பியரையே விற்கவேண்டும் என்னும் கட்டுப்பாடு வருவாயை மட்டும் பாதித்தது என்று எண்ணலாகாது. 1900ஆம் ஆண்டில் மன்செஸ்ரர், சல்போட் வட்டாரங்களில் ஆயிரக்கணக்கானோர் கைகால் உணர்விழந்து நோயுற்றனர். 70 பேரளவில் இறந்தனர். பியரில் ஆசெனிக்கு நஞ்சு கலந்திருந்தமை பின்னர் வெளிப்பட்டது. பியர் காய்ச்சப் பயன்பட்ட சருக்கரையைச் செய்தற்கு வாங்கிய கந்தக அமிலத்திலேயே நஞ்சு இருந்தது. அக்குவளைகளை நிரப்பிக் கொடுத்தவர் அறிந்திருக்க வழியேயில்லை; கொடுத்த கை மட்டும் அவருடையது.

ஆலைக்குக் குடியானவராகவும் நீதவானுக்கு மனுதாரராகவும் இருந்த இவரை, அரசு சம்பளமில்லாப் பொலிசுக்காரராகவும் ஆக்கிற்று. வெறித்தவருக்கு விற்றாற் குற்றம். வெறித்தவர் உள்ளே இருந்தாலே குற்றம். கடமையிலிருக்கும் பொலிசுக்காரருக்கு ஒரு குவளை கொடுத்தாற் குற்றம். 1902ஆம் ஆண்டின் சட்டப்படி பெருங்குடியர் என நீதிமன்றம் தீர்த்தவரின் விவரம் அவருக்கு அறிவிக்கப்படும்; மூன்றாண்டுக்கு அவருக்கு விற்கலாகாது. தந்தைக்குப் பியர் வாங்கக் குவளையோடு பிள்ளைகள் வருவது ஊர்வழக்கம். 1901ஆம் ஆண்டின் சட்டம், 14 வயதுக்குட்பட்டோரிடம் முத்திரையிட்டு அடைத்த போத்தலில் அன்றிக் கொடுக்கலாகாது என்றது. வழியிற் பிள்ளை சுவைபார்க்கும் என்பதே காரணம். 1908ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், மதுக்கூடத்துக்குள் அவர்கள் நுழைவதையே தடுத்தது. இவ்விரண்டும் நல்ல சட்டங்கள் என்பதில் ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இரண்டாங் கருத்தில்லை.

ஞாயிற்றுக்கிழமை விதியோ நகைப்பிற்கிடமானது. அன்று நண்பகலிற் சிறிது நேரமும் மாலையிற் சில மணியுமே திறக்கலாம். எனினும் உண்மையான வழிப்போக்கருக்கு எந்நேரமும் கொடுக்கலாம். உண்மையான வழிப்போக்கர் யார்? முந்திய இரவு மூன்று மைலுக்கு அப்பால் உறங்கியவர் என்றது 1874ஆம் ஆண்டின் சட்டம். விளைவு, ஞாயிறு காலையில் இவ்வூர்க் குடியர் அவ்வூருக்கும், அவ்வூர்க் குடியர் இவ்வூருக்கும் மூன்று மைல் நடந்தனர். விடுதியாளர் கதவருகில் நின்று "எங்கே உறங்கினீர்?" என்று வினவவேண்டும். வினவி, சொன்னதை உண்மையென நம்பினேன் என்று காட்டினாற் றப்பலாம். இவ்விதி 1921ஆம் ஆண்டிலேயே ஒழிந்தது.

குடியினால் விளைந்த கேட்டைக் குறைத்து மதிப்பது நம் கருத்தன்று. வெள்ளிக்கிழமைக் கூலி சனிக்கிழமை இரவிலே தீர்ந்துபோன குடும்பங்கள் அந்நாட்டில் எண்ணிறந்தன. மதுவிலக்கு இயக்கத்தார் பேசியது உண்மை. நம் இலங்கையிலும் 1912ஆம் ஆண்டின் கலால் முறையையும் அதனால் வந்த தவறணைகளையும் எதிர்த்து அத்தகைய இயக்கம் வலுப்பெற்றது. ஆயினும் இங்கிலாந்தில், தீமையை எதிர்த்தோரின் கல் ஆலையின் மதிலைத் தாண்டி விடுதியாளரின் சன்னலிலேயே பெரும்பாலும் விழுந்தது. இதனை உணர்ந்து வேறுவழி தேடியவரும் உளர். கிறே பிரபு தொடங்கிய விடுதிச் சங்கங்களில் விடுதியாளர் சம்பளக்காரர். உணவிலும் தேநீரிலும் அவருக்குத் தரகு உண்டு, மதுவில் தரகு இல்லை. மது விற்பதாற் பயனில்லாதவர் மதுவைத் திணிக்கமாட்டார் என்பது கணக்கு. மிக எளிய இவ்வேற்பாடு, நாம் படித்தவற்றுள் அறிவார்ந்ததாகத் தோன்றிற்று.

பெரும்புயல் 1908ஆம் ஆண்டில் எழுந்தது. அஸ்குவித் அரசு கொண்டுவந்த சட்டமூலம், 14 ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மதுவீடுகளை மூடக் கருதிற்று. மதுக்கூடங்களில் வேலைசெய்யும் பெண்களை விலக்கும் முயற்சியும் அதனோடு சேர்ந்திருந்தமையால், ஈவா கோர்-பூத் என்னும் அம்மையார் அப்பணிப்பெண்களின் பிழைப்புக்காக மன்செஸ்ரர் இடைத்தேர்தலிற் பிரசாரஞ் செய்தார். அத்தேர்தலிற் றோற்றவர் வின்ஸ்ரன் சேர்ச்சில். இலண்டன் ஹைட் பூங்காவில் மதுவணிகர் சார்பில் மாபெருங் கூட்டம் கூடிற்று. மக்கள் சபை நிறைவேற்றிய சட்டமூலத்தைப் பிரபுக்கள் சபை அவ்வாண்டு நவம்பரில் நிராகரித்தது. விடுதியாளர் மூச்சுவிட்டது ஐந்தே மாதம். 1909இல் லொயிட் ஜோர்ஜ் தமது வரவுசெலவுத் திட்டத்தில், எல்லா மதுவும் விற்கும் வீட்டின் பத்திரக் கட்டணத்தை அதன் ஆண்டு மதிப்பிற் பாதியாக உயர்த்தினார். கடும்மதுவின் தீர்வை, கலனுக்கு 11 சிலினிலிருந்து 14 சிலின் 9 பென்சாக ஏறிற்று. பிரபுக்கள் அதனையும் மறித்தனர். தேர்தல் நடந்து, 1910 ஏப்ரிலில் அது சட்டமாயிற்று. பிரபுக்கள் சபையின் அதிகாரத்தை 1911இல் ஒடுக்கிய பெரும்போர் இவ்வழியே வந்தது என்பதை வரலாற்று மாணவர் அறிவர். அப்போரின் செலவில் ஒருபகுதி, சந்தைப் பட்டினத்து விடுதியாளரின் பணப்பெட்டியிலிருந்து சென்றது என்பதைப் பாடநூல் சொல்வதில்லை.

1914இல் உலகப்போர் வந்தது. குதிரைகளைப் படை எடுத்துச் சென்றது. குதிரைக்காரரும் சப்பாத்துப் பையன்களும் பின்சென்றனர். போர்க்காலத்தில் விதித்த பிற்பகல் மூடுநேரம், வாரநாட்களில் 1988 வரை நீடித்தது. நீதவான்கள் பத்திரம் வழங்கும் முறை 2005ஆம் ஆண்டில்தான் முடிந்து, அவ்வதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சென்றது.

அனுமதி பெற்றவரின் பெயரும், அவர் எவ்வெவற்றை விற்க உரியவர் என்பதும் வாயிலின்மேல் எழுத்திற் பொறித்திருத்தல் வேண்டும் என்பது அக்காலத்தில் அந்நாட்டுச் சட்டமாக இருந்தது. சிங்கமும் மணியும் அன்னமும் தீட்டிய பெரும்பலகை தலைமுறை தலைமுறையாகத் தெருவிலே தொங்கும்; வாயிலின்மேலுள்ள அந்தச் சிறு வரி மட்டும் மாறிக்கொண்டிருக்கும். பத்திரம் கைமாறிய நாளிற் சாயக்காரர் ஏணியோடு வந்து பழைய பெயரைச் சுரண்டிவிட்டு, அதேயிடத்திற் புதுப்பெயரை எழுதிச் செல்வார்.